மாதா கோயிலின் ஐந்தாம் முனை

கான்கிரீட் கூரையின் முட்டுக் கம்புகளை எடுக்க வேண்டிய திங்கட்கிழமை காலையில் ஒரு ஆள்கூடக் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை.

ஜெனவீவ் சுங்கை பட்டாணியிலிருந்து தன் பழைய டட்சன் காரை ஓட்டிக்கொண்டு வந்து, பாடாங் மேஹாவைத் தாண்டி ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொண்டாள். சுத்தியல் சத்தம் கேட்கவில்லை. வேலையாட்கள் பால்மர நிழலில் குந்திக்கொண்டு, வெயிலில் தனியாக நின்ற அந்தப் புதுக் கோயிலைப் பார்க்காதவர்கள்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காண்ட்ராக்டர் ராமையா கார் அருகே வந்தார். கூலிம் ஊர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். மாரியம்மன் கோயில் கட்டினாலும் மாதா கோயில் கட்டினாலும் ஒரே நிதானம்தான். அன்று அந்த நிதானத்தைக் காணவில்லை.

"முனியாண்டி உள்ள போகமாட்டேங்கறான் மிஸ். அவன் போகலன்னா மத்தவனுங்களும் போகமாட்டானுங்க."

முனியாண்டிதான் தச்சு வேலைக்குத் தலைமை ஆள். கூரைக் கான்கிரீட்டை வார்ப்பதற்காக அடியில் நிற்கும் பலகை அடைப்பு முழுக்க அவன் கைவேலை. அந்த அடைப்பைத் தாங்கிக்கொண்டு ஒரு காடுபோல நின்ற பாக்காவ் என்ற அலையாத்தி மரக் கம்புகளையும் அவன்தான் நிறுத்தியிருந்தான். அவன் ஏன் பயப்படுகிறான் என்று ஜெனவீவ் கேட்டாள். அவன் பயப்படவில்லை, அவன் அக்கா விடவில்லை என்றார் ராமையா. அக்கா மருதம்மாளும் அதே இடத்தில் கல்லும் மணலும் சுமக்கிறவள்தான்.

ஜெனவீவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மாதா திருநாளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஆனால் வந்தது கோபமில்லை, நிம்மதி. இன்றைக்குக் கம்பு எடுக்க வேண்டாம் என்ற நிம்மதி. அதை உணர்ந்ததும்தான், அந்தக் கூரையைத் தானே நம்பவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

அவள் கரங்கான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஆர்தரின் ஒரே மகள். லண்டனில் கட்டடக்கலை படித்துவிட்டுத் திரும்பி, சுங்கை பட்டாணியில் மிஸ்டர் கூ என்பவரின் ஆபீசில் சேர்ந்து, மூன்று வருடமாகக் கடைவீடுகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தாள். தன் பெயரைச் சொல்லிக்கொள்ள வந்த முதல் வேலை இந்தக் கோயில். தகரக் கூரை போட்டிருந்த பழைய கோயிலை எழுபத்தேழாம் வருடப் புயல்காற்று தூக்கிக்கொண்டு போயிருந்தது. பங்குச் சாமியார் ஃபாதர் லியோனார்ட் அவளிடம் அதிகமாக எதுவும் கேட்கவில்லை. தோட்டத்துச் சனங்கள் பிறந்ததும் வரிசை வீட்டு லயத்தில், சாகப்போவதும் லயத்தில், சாமி கும்பிடுகிற இடமாவது லயம் மாதிரி இல்லாமல் இருக்கட்டும் என்றார்.

அந்த ஒரு பேச்சுக்குப் பதிலாக அவள் மனதில் வந்தது, அவள் ஒருநாளும் போகாத ஒரு நாடு.

லண்டனில் அவளுக்குப் பாடம் எடுத்தவர்களில் யர்மிலா என்ற செக் நாட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். அறுபத்தெட்டில் பிராக் நகரத்துக்குள் டாங்கிகள் வந்த மாதம் ஒரு பெட்டியோடு வெளியேறியவள். அந்தப் பெட்டியில் பாதி சிலைடு படங்கள். வாரம் ஒருமுறை அறையை இருட்டாக்கி அவற்றைச் சுவரில் காட்டுவாள். ஊரைவிட்டு வந்தவள் உறவுக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல, செத்துப் பல நூறு வருடம் ஆன கட்டடக்காரர்களைப் பற்றிச் சொல்வாள். அவர்களில் ஜெனவீவ் மறக்காதவர் சந்தினி. பிராக்கில் பிழைக்க வந்த இத்தாலியக் கொத்தனார் ஒருவரின் பேரன், பிறவியிலேயே உடம்பு ஒரு பக்கம் ஒத்துழைக்காதவர். இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு மலைமேல் ஐந்து முனை நட்சத்திரமாகவே ஒரு கோயில் கட்டினார். பிழைக்க வந்தவனின் பேரன் என்ற இடத்தில் ஜெனவீவ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய தாத்தாவும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர்தான்.

இன்னொரு சிலைடில் சந்தினிக்கும் முந்திய காலத்துக் கூரை ஒன்று. பொஹீமியாவின் சின்னச் சின்ன ஊர்களில் உள்ளது. காகிதத்தை மடித்து மடித்து விரித்ததுபோல, மேடும் பள்ளமுமாக வெறும் மடிப்புகளால் ஆன கூரை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து வாக்கில் பிராக்கின் இளம் கட்டடக்காரர்கள் அதே மாதிரி மடிப்புகளை வீட்டுச் சுவரிலும் வாசலிலும் கொண்டுவந்தார்களாம். கடைசி சிலைடு யர்மிலா பிறந்து வளர்ந்த ஊரின் புது அடுக்குமாடிகள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த சிமெண்டுப் பலகைகள், முடிவில்லாத வரிசை.  ஜெனவீவுக்கு லயம் ஞாபகம் வரும்.

ஆக, பாடாங் மேஹா கோயிலுக்கு ஐந்து முனை நட்சத்திரத் தளம், மடிப்புக் கூரை. வளைவு கிடையாது, எல்லாம் நேர்ப்பலகை, அதனால் முனியாண்டியால் அடைப்பு செய்ய முடியும். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. கணக்கைப் பினாங்கு இஞ்சினியர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மிஸ்டர் கூவும் போட்டார். எல்லாம் சரியாகத்தான் போனது, கான்கிரீட் போட்ட நாள்வரை.

அன்று நாலு முனையும் போட்டு முடித்து ஐந்தாவதில் பாதி ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. கித்தான் விரித்தார்கள், விரிப்பதற்குள் கொட்டிவிட்டது. நிறுத்தலாமா என்று ராமையா கேட்டார். பாதியில் நிறுத்தினால் பழசும் புதுசும் சேருகிற இடத்தில் கோடு விழும், தொடரலாம் என்று ஜெனவீவ்தான் சொன்னாள். மழை விட்டதும் தொடர்ந்தார்கள். சில வாரம் கழித்து அந்த முனையில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு தெரிந்தது. இஞ்சினியர் வந்து பார்த்து, மேல்தோல் வெடிப்புதான், கான்கிரீட் போட்டபோது வார்த்து எடுத்த கட்டிகளைச் சோதித்ததில் பலம் நன்றாக இருக்கிறது என்றார். சோதனைக்கு அனுப்பிய கட்டிகள் அன்று காலையில், மழைக்கு முன்னால், முதல் முனை போடும்போது எடுத்தவை. இது ஜெனவீவுக்குத் தெரியும். இஞ்சினியரிடமும் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மருதம்மாள் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து கையிலிருந்த சிமெண்டுத் தடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். சாரோங்குக்குமேல் கணவனின் பழைய சட்டை. அந்தச் சட்டைக்காரனைப் பற்றி ராமையா ஏற்கெனவே சொல்லியிருந்தார். பெண்டாங்கில் ஒரு நெல்லுக் கிடங்கின் முன்கூரையில் முட்டு எடுக்கும்போது, எடுத்தவர்கள்மேலேயே அது உட்கார்ந்துவிட்டது.

ஜெனவீவ் அவள் பக்கத்தில் குந்தினாள். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வந்ததைத்தான் சொன்னாள்.

"நான் வேணும்னா உள்ள வர்றேங்க்கா. முனியாண்டி கம்பு எடுக்கிற வரைக்கும் நானும் அங்கயே நிக்கிறேன்."

மருதம்மாள் நிமிர்ந்தாள். முகத்தில் கோபமில்லை, சலிப்புதான்.

"நீங்க நின்னா கூரை பாத்துக்கிட்டு நிக்குமா மிஸ்? எங்க வீட்டுக்காரரு போன அன்னிக்கு அந்த எடத்து சூப்பர்வைசரும் உள்ளதான் நின்னாரு. அவரையும் சேத்துத்தான் எடுத்தாங்க."

ஜெனவீவ் இஞ்சினியர் சொன்னதைச் சொன்னாள். மிஸ்டர் கூ சொன்னதையும் சொன்னாள். மருதம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"அவரு சொன்னாரு, இவரு சொன்னாரு. சரி. நீங்கதான கட்டுனீங்க? ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும்னா சொல்லுங்க, நானே அவன உள்ள அனுப்புறேன்."

 பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் ஜெனவீவ் முணுமுணுத்தாள். அது பதில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

காரில் போய் உட்கார்ந்தாள். யர்மிலா சொன்ன கதை ஒன்று மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பிராக்கில் கார்லோவ் என்ற மேட்டில் எட்டுப் பட்டைக் கோயில் ஒன்று இருக்கிறது. நடுவில் தாங்கலே இல்லாமல் அவ்வளவு அகல நட்சத்திரக் கூரையை யாரும் அதுவரை பார்த்ததில்லை. கட்டி முடித்ததும் சாரத்தைப் பிரிக்க ஒரு ஆளும் வரவில்லையாம். கெஞ்சிப் பார்த்து, ஆசை காட்டிப் பார்த்து, கடைசியில் அந்த இளம் கட்டடக்காரன் சாரத்துக்குத் தானே தீ வைத்தான். எரிந்த மரமெல்லாம் ஒரே சமயத்தில் சரிந்து இடிமாதிரி விழுந்தது. கூரைதான் போய்விட்டது என்று நினைத்து அவன் ஓடிப்போய் ஆற்றில் விழுந்து செத்தான். புகை அடங்கியதும் சனங்கள் போய்ப் பார்த்தால் கூரை அப்படியே நின்றது. இன்றைக்கும் நிற்கிறது.

வகுப்பில் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். யர்மிலா மட்டும் வேறொன்று சொன்னாள். நின்றதனால்தான் இது கதையாயிற்று, விழுந்த கூரைகளுக்கு யாரும் கதை கட்டி வைப்பதில்லை என்றாள். அன்றைக்கு ஜெனவீவ் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது பெண்டாங் நெல்லுக் கிடங்கின் கூரையைப் பற்றி யார் பேசுகிறார்கள் என்று நினைத்தாள். ஒருத்தி மட்டும், பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு.

காரைவிட்டு இறங்கி, ராமையாவிடம் ஒரு சின்னச் சுத்தியல் கேட்டு வாங்கினாள்.

மேலேறுவதில் ஆபத்தில்லை, கம்புகள் எல்லாம் அடியில் அப்படியே நின்றன. முனியாண்டி ஏணியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறிவந்தான். அவள் முதல் முனையிலிருந்து தட்டத் தொடங்கினாள். டங், டங் என்று கோயில் மணி மாதிரி கெட்டியான சத்தம். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது எல்லாம் அதே சத்தம்தான். ஐந்தாவதில் வெடிப்பை நெருங்கும்போது சத்தம் மாறியது. காலிப் பெட்டியைத் தட்டியதுபோல மந்தமாகக் கேட்டது. அவள் கை நின்றது. முனியாண்டி அவளைப் பார்த்தான். மறுபடி தட்டச் சொன்னான். தட்டினாள்.

உளியை வைத்து வெடிப்பின் ஓரத்தைக் கொத்தினார்கள். மேலே ஒரு விரல் கனத்துக்கு நல்ல கான்கிரீட். அதன்கீழ் பாகு ஊற்றாத பொரியுருண்டை மாதிரி கல் கல்லாக உதிர்ந்தது. மழைத்தண்ணீர் சிமெண்டை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. கொஞ்சம் கொத்தியதுமே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. முனியாண்டி உதிர்ந்ததை உள்ளங்கையில் அள்ளி, விரலால் அழுத்திப் பொடித்துப் பார்த்துவிட்டுக் கீழே குனிந்தான். தான் நிற்கவேண்டியிருந்த இடத்தைத்தான் பார்த்தான் என்று ஜெனவீவுக்குத் தோன்றியது.

அவள் கீழே இறங்கினாள். மருதம்மாள் தொட்டியருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனவீவ் நேராக அவளிடம் போனாள்.

"தெரியலக்கா. இப்பதான் தெரிஞ்சது. ஒரு முனை சரியில்ல."

 மருதம்மாள் ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். ஜெனவீவ் அதை முழுக்கக் குடித்தாள்.

தோட்டத்து ஆபீசிலிருந்து மிஸ்டர் கூவுக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகத்தான் பேசினார். ஓட்டைகளில் சிமெண்டுப் பால் ஊற்றி அடைத்துவிடலாம், சந்தேகமிருந்தால் அடியில் இரண்டு இரும்புத் தூண் நிறுத்திவிடலாம், ஒரு தோட்டத்துக் கோயிலில் இரண்டு தூண் இருந்தால் யாருக்கு என்ன என்று கேட்டார். அவள் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டாள். அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் சிமெண்டுப் பால் எதுவரை இறங்கியது என்று உள்ளே போய்ப் பார்க்க முடியாது. தூண் தாங்கும் இடமும் உதிருகிற இடமும் ஒன்றல்ல. நாளைக்கு மருதம்மாள் அதே கேள்வியைக் கேட்டால் அதே பதில்தான் சொல்லவேண்டியிருக்கும். ஐந்தாம் முனையை உடைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும் என்றாள்.  அப்படியானால் காண்ட்ராக்டரிடமும் சாமியாரிடமும் நீயே சொல்லிக்கொள் என்று மிஸ்டர் கூ போனை வைத்துவிட்டார்.

ராமையா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டார். நஷ்டத்தைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பேசியது வேறு.

"மழையில நிறுத்தலாமான்னு நான் கேட்டேன்ல மிஸ்."

"கேட்டீங்கண்ணே. நான்தான் வேணாம்னேன்."

"நானும் ஒரு தடவதான் கேட்டேன்" என்றார் அவர். தொப்பியைப் போட்டுக்கொண்டு, உடைப்பதற்குச் சம்மட்டி எடுத்துவர ஆளனுப்பினார்.

ஃபாதர் லியோனார்டிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மாதா திருநாளுக்குப் பினாங்கிலிருந்து ஆயர் வருகிறார். கரங்கானிலிருந்தும் பெண்டாங்கிலிருந்தும் லாரி பிடித்துச் சனங்கள் வருகிறார்கள். ஜெனவீவின் அப்பாவே தன் பழைய கூட்டாளிகள் எல்லாரையும் அழைத்திருந்தார். ஃபாதர் முதலில் நம்பவில்லை, அப்புறம் கோபப்பட்டார். கையெழுத்துப் போட்டவர்களெல்லாம் சரி என்று சொல்லும்போது, கட்டியவளே வந்து உடைக்கிறேன் என்றால் சனங்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். பாதிக் கோயிலில் ஆயரை எங்கே நிறுத்துவது என்றார்.

அவளுக்கு வேறு பேச்சு வரவில்லை. யர்மிலாவின் இன்னொரு சிலைடைப் பற்றித்தான் சொன்னாள். பிராக் கோட்டைக்குள் இருக்கும் பெரிய கோயிலைக் கட்ட பீட்டர் பார்லர் என்பவரை ராஜா கூப்பிட்டபோது அவருக்கு இருபத்திமூன்று வயதுதான். பீடம் இருக்கும் பகுதியை மட்டும் முடித்துவிட்டு, மற்றதைத் தொடங்கி வைத்துவிட்டு அவர் செத்துப்போனார். பிறகு சண்டை, தீ, பணமில்லை. கட்டிய பகுதியை மூடி ஒரு தற்காலிகச் சுவர் எழுப்பினார்கள். நாலைந்து நூறு வருடம் அந்தச் சுவர் அப்படியே நின்றது. கோயில் முழுசாக முடிந்து இப்போதுதான் ஐம்பது வருடம் ஆகிறது.

ஃபாதர் அவளையே பார்த்தார்.

"அத்தனை வருசமும் அதுல பூசை நடந்துச்சா?"

"நடந்துச்சு ஃபாதர்."

அவர் வெளியே போய், ஐந்தாம் முனையின்மேல் சம்மட்டியோடு ஏறிக்கொண்டிருந்த ஆட்களைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது கோபம் தணிந்திருந்தது.

"நமக்கு எத்தனை வருசம் எடுக்கும்?"

"கிறிஸ்மஸுக்குள்ள முடிச்சிரலாம்."

"அப்ப பிராக்க விட நம்ம பரவால்ல" என்றார் அவர்.

திருநாளன்று கோயில் வாசலைப் பலகைகளால் மறைத்து, அதன்முன் வெட்டவெளியில் கித்தான் கட்டிப் பீடம் போட்டார்கள். ஆயர் கேட்டபோது ஃபாதர் லியோனார்ட், பிராக் கோட்டைக் கோயிலைத் தன் கண்ணால் பார்த்து வந்தவர்போல விவரித்துக்கொண்டிருந்தார். ஜெனவீவ் கடைசியில் பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். அவளை யாரென்று தெரியாத இரண்டு பேர், கூரை பாதியில் உடைந்துவிட்டதாம், பொம்பளை போட்ட பிளானாம் என்று பேசிக்கொண்டார்கள். அவள் அப்பாவின் காதிலும் அது விழுந்தது. உடையவில்லை, என் மகள்தான் உடைக்கச் சொன்னாள் என்று ஆர்தர் திரும்பிச் சொன்னார். குரலில் பெருமையா வருத்தமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. 

உடைத்த இடத்தைச் சுத்தம் செய்து, துருவைத் தேய்த்து, புதுக் கம்பி சேர்த்துக் கட்டினார்கள். மழைக்காலம் நன்றாகப் பிடித்துவிட்டது. ராமையா இந்தமுறை கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஐந்தாம் முனைக்குமேல் முதலில் ஒரு தகரப் பந்தலே போட்டுவிட்டார். அதன் அடியில்தான் கான்கிரீட் போட்டார்கள். ஒவ்வொரு கலவையிலிருந்தும் சோதனைக்குக் கட்டி எடுத்து வைத்தாள் ஜெனவீவ். அது இறுகும்வரை காத்திருந்த நாட்களில் ஆபீசில் கடைவீட்டுப் படம் போடுவாள், கோடு எங்கேயோ போகும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் எழுந்து ஜன்னலருகே போய் நிற்பாள்.  கட்டிகளின் முடிவு பினாங்கிலிருந்து வந்தபோது, மிஸ்டர் கூ அதை அவள் மேசைமேல் வைத்துவிட்டு, நல்ல பலம் என்று மட்டும் சொன்னார்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை காலை, தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, கம்பு எடுக்க வந்தார்கள். ஜெனவீவ் முதல்நாளே வந்து கூரையின் நடு மையத்திலிருந்து ஒரு நூலில் தூக்குக்குண்டு தொங்கவிட்டிருந்தாள். அதன் நுனிக்கு நேர்கீழே தரையில் ஒரு மரக்கட்டை. குண்டுக்கும் கட்டைக்கும் ஒரு கட்டைவிரல் கனம் இடைவெளி. கம்பை எடுத்தால் எந்தக் கூரையும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அரை விரலுக்குள் இறங்கி நின்றால் நல்லது. நிற்காமல் இறங்கினால் எல்லாரும் வெளியே ஓட வேண்டும். முனியாண்டிக்கும் மற்ற ஆட்களுக்கும் இதைச் சொல்லி, யார் எந்த வாசல் வழியாக ஓடுவது என்றும் காட்டினாள். 

மருதம்மாள் வாசலில் நின்றாள். மறுபடி அதே கேள்வியைக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தாள் ஜெனவீவ். அவள் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். அதனால் இவளே சொன்னாள்.

"தெரியும்க்கா. தட்டிப் பாத்துட்டேன், எல்லா முனையும். ஆனா பயமாத்தான் இருக்கு."

"பயம் இருக்கட்டும்" என்றாள் மருதம்மாள். தம்பியின் தோளில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே போகச் சொன்னாள். தானும் வாசலைவிட்டு நகரவில்லை.

நடுவிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கம்பின் அடியிலும் இருந்த ஆப்பை முனியாண்டி மெல்லத் தட்டித் தளர்த்தினான். முழுதாக எடுக்கவில்லை, கொஞ்சம் தளர்த்திவிட்டு அடுத்ததற்கு, அதற்கடுத்ததற்கு என்று வட்டமாகப் போய்க்கொண்டே இருந்தான். ஜெனவீவ் தரையில் மண்டியிட்டு, கன்னம் தரையில் படுமளவுக்குக் குனிந்து, குண்டையும் கட்டையையும் மட்டும் பார்த்தாள். முதல் சுற்றில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் சுற்றில் மேலே எங்கேயோ டொக் என்று ஒரு சத்தம். சுத்தியல் நின்றது. குண்டின் நுனி இறங்கியிருந்தது, நெல்மணி அளவு. யாரோ மாதாவைக் கூப்பிட்டார்கள், யாரோ மாரியம்மனைக் கூப்பிட்டார்கள்.

"இருங்க" என்றாள் ஜெனவீவ்.

அவள் கண்ணை எடுக்கவில்லை. குண்டு லேசாக ஆடி ஆடி நின்றது. இன்னும் கொஞ்சம் இறங்கியதா, தன் கண்தான் இறக்கியதா என்று தெரியவில்லை. ஒரு தீக்குச்சியை இடைவெளியின் உயரத்துக்கு ஒடித்து, நிமிர்த்தி நுழைத்துப் பார்த்தாள். நுழைந்தது. காத்திருந்தாள். மறுபடி நுழைத்தாள். அதேபோல நுழைந்தது. போகலாம் என்று கையைக் காட்டினாள்.

கம்புகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அடைப்புப் பலகைகளைக் கயிறு கட்டி இறக்கினார்கள். மத்தியானத்துக்குள் அந்தக் காடு முழுக்கக் காலியானது. கடைசிக் கம்பை முனியாண்டி எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தபோது, எல்லாரும் ஏதோ நடக்கப் போவதுபோல நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நடக்க வேண்டியது அதுதான்.

ஜெனவீவ் எழுந்து நின்றாள். முழங்காலில் மண் ஒட்டியிருந்தது. அப்போதுதான் முதல்முறையாக மேலே பார்த்தாள். ஐந்து முனைகளிலிருந்தும் மடிப்புகள் விரிந்து வந்து நடுவில் ஒன்றாகக் கூடியிருந்தன, பலகைத் தடங்கள் அப்படியே சிமெண்டில் பதிந்திருந்தன. முனியாண்டியின் பலகைகள். ஐந்தாவது முனை மட்டும் புதுசு, கொஞ்சம் வெளுத்த நிறம். லண்டனில் இருட்டறையில் பார்த்த எதுமாதிரியும் அது இல்லை. நன்றாக இருக்கிறதா இல்லையா என்றுகூட அவளால் அப்போது சொல்ல முடியவில்லை. அழுகை வந்தது, ஆட்கள் இருந்ததால் மூக்கைச் சிந்திவிட்டுக் குண்டைக் கழற்றப் போனாள்.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் மழை வந்தது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்து ஒரேயடியாகக் கொட்டியது. பால்மரத்தடியில் இருந்தவர்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு எழுந்து ஓடிவந்தார்கள். எங்கே ஓடுவது என்று யாரும் யோசிக்கவில்லை, பக்கத்தில் கூரை இருந்தது, உள்ளே வந்துவிட்டார்கள். பால் வெட்டிவிட்டு வந்துகொண்டிருந்த சில பெண்களும் வாளியோடு நுழைந்தார்கள். முனியாண்டி ஒரு முனையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான். மருதம்மாள் நடுவில் நின்று ஈரத் தலையை விரித்து உதறினாள். அங்கே இன்னும் சிலுவையும் இல்லை, பீடமும் இல்லை. யாரோ வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்கள். மழைச் சத்தம் தகரத்தில் கேட்பதுபோல இல்லாமல், தூரத்தில் யாரோ அரிசி புடைப்பதுபோலக் கேட்டது.

ஜெனவீவ் சுவரோரம் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு முனையும் காய்ந்திருந்தன. ஐந்தாவதில், பழைய கான்கிரீட்டும் புதுசும் சேருகிற கோட்டில், ஓரிடத்தில் நிறம் கறுத்தது. உள்ளங்கை அளவுக்கு ஒரு ஈரம். சொட்டவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது நாளைக்குச் சொல்லலாமே என்று ஒரு கணம் நினைத்தாள்.

பிறகு நடந்து போய், வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ராமையாவின் தோளைத் தொட்டு அந்த இடத்தைக் காட்டினாள். அவர் தலையை அண்ணாந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கசிவுதான்" என்றார். "மழ விட்டதும் தாரு பூசிரலாம்லா."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கே" என்றார் அவர், வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு. இருவரும் அங்கேயே நின்று, அந்த ஈரம் பெரிதாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.